அன்று சரியாத பனி

இன்று காலை மெர்சிங் படகுத்துறையில் மீன்கடைச் சீன முதலாளி, தவுக்கே, ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். மரத்தூள் மூடி, ஜோகூர் பாருவிலிருந்து லாரியில் வந்த கட்டி. சுத்தியல் விழுந்ததும் தூள் சிதறி என் காலடியில் கொட்டியது. குனிந்து ஒரு பிடி அள்ளி, நீ சொல்லித் தந்தபடி இறுக்கிப் பார்த்தேன். உருண்டையாகப் பிடித்தால் ஈரப் பனி, விரலிடுக்கில் உதிர்ந்தால் உலர்ந்த பனி. என் கையில் அது தண்ணீராக ஓடிவிட்டது. தவுக்கே மலாயில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். செத்துப்போன பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? சும்மா என்றேன்.

தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் துரை பங்களாவில் சமைக்கும் குசினிக்காரன், நீ துரை மகளுக்கு ஆயா. துரைசாணி விடுமுறைக்குச் சீமைக்குப் போனபோது உன்னையும் கப்பலேற்றினாள். நீ போய் இறங்கியது ஆல்ப்ஸ் மலையில், ஒரு பெரிய ஹோட்டலில். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவதற்கென்றே ஆட்கள் வருகிற ஊர். நீ திரும்பி வந்து அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வழுக்கி விழ நம்ம ஆத்தங்கரை போதாதாடி?" என்றேன்.

"போதும்தான். ஆனா அங்க விழுந்தா எழுந்திருக்கிறவங்க பாதிப் பேருதான்" என்றாய், முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு.

ஹோட்டல் வாசலில் ஒரு கரும்பலகை. எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம், சரிவுக்குப் போகலாமா கூடாதா என்று தினமும் காலையில் எழுதிவைப்பார்களாம். அந்த எழுத்து உனக்குத் தெரியாது. துணி வெளுக்கும் உள்ளூர்க்காரி ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி உனக்குப் புரியவைத்தாள். அவள் பாஷை உனக்கு வராது, உன் பாஷை அவளுக்கு வராது. இரண்டு பொம்பளைகள் பேச அதெல்லாம் ஒரு தடையா?

நீ எனக்குப் புரியவைக்க நம் பித்தளைத் தட்டை எடுத்தாய். மாவு காய்ந்து இறுகிக் கிடந்த தட்டு. அதன்மேல் புது மாவைச் சலித்துத் தூவி, மெல்லச் சாய்த்தாய். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மேல் மாவு முழுவதும் ஒரே பாளமாக என் மடியில் வந்து விழுந்தது.

"பழைய பனி இறுகிக் கிடக்கும். புதுசு அதுமேல ஒட்டாம குந்தியிருக்கும். பனி கொட்டுறப்பவாச்சும் எல்லாரும் உள்ள அடங்கிக் கிடப்பாங்க. வானம் வெளுத்துடுச்சுன்னா ஒருத்தருக்கும் கால் நிக்காது, மழை விட்டதும் நம்ம ஆளுங்க பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுற மாதிரி. அன்னிக்குத்தாங்க பயமே" என்றாய்.

அப்படி ஒரு நாள் வெளுத்தது. பலகையில் கூடாது என்று எழுதியிருந்தது, ஆபத்துக் கொடியும் ஏறியிருந்தது. துரைசாணி வானத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்க்கவில்லை. சரிவுக்குக் கீழே இருந்த காப்பிக் குடிலுக்குக் குழந்தையைச் சறுக்குவண்டியில் கூட்டிவரச் சொன்னாள். நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். ஓர் ஆயா, துரைசாணியிடம்! மற்றவர்கள் போனார்கள், நன்றாக விளையாடினார்கள், முகம் சிவந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மலை சரியவில்லை. உன்னை அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார்கள். உன்னோடு என் குசினி வேலையும் போயிற்று. மெர்சிங்குக்கு வந்து சாப்பாட்டுக்கடை போட்டோம்.

வேலை போனதற்கு நீ அழவில்லை. "நான் பயந்தாங்கொள்ளியா, இல்ல செஞ்சது சரிதானா?" என்று கேட்டுக் கேட்டு இளைத்தாய். நீ செஞ்சது சரிதான் என்று நானும் எத்தனையோ முறை சொன்னேன்.

"சமாதானத்துக்குச் சொல்றீங்க" என்பாய். "சரிஞ்சிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். சரியலைன்னா ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் என்னைக் கிட்டே கூப்பிட்டு ஒன்று சொன்னாய். "அந்த மலை அன்னிக்கு சரிஞ்சிருக்கக் கூடாதான்னு நெனச்சிருக்கேங்க. அத்தனை பேர் அங்க இருந்தாங்க. பாவி நான்." காய்ச்சல் பேசுகிறது என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். எனக்குப் புரியவில்லையடி.

நம் மகள் பாக்கியம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை தீவில் தென்னந்தோப்பு வேலையில் இருக்கிறார். கடல் கொந்தளிக்கும் காற்று மாதம் தொடங்கிவிட்டதால் வர முடியவில்லை, பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. நாள் கணக்கில் அடித்த மழை விட்டு, நேற்று வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கொடிமரத்தில் எச்சரிக்கைக் கூண்டை மட்டும் இறக்கவில்லை. பாக்கியம் பிள்ளையோடு படகேறக் கிளம்பினாள்.

"திடாப்பா லா, ஒண்ணும் ஆகாது, கடல் பாய் மாதிரி கிடக்கு, போயிட்டு வந்திடலாம்" என்று படகுக்காரரே சொன்னார். எனக்கு உன் பித்தளைத் தட்டுதான் கண்ணில் நின்றது. பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்றேன். ஊரே பார்க்க அவள் அழுதாள். படகு அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

அதுதான் இன்று காலை பிள்ளையும் கையுமாகத் துறையில் நின்றேன். நேற்றுப் போன படகு முனை தாண்டித் திரும்பி வருவது தெரிந்தது. தலைகளை எண்ணாத குறையாகப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள், யாரோ பாடிக்கொண்டுகூட வந்தார்கள். அடி, அந்த நேரத்தில் என் மனசில் ஓர் ஓரத்தில் ஏமாற்றம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரந்தான். உடம்பெல்லாம் கூசிவிட்டது.

மாப்பிள்ளை நேற்று தீவுக் கரையிலேயே காத்து நின்றாராம். தோப்பில் விடுப்பு கிடைக்காததால், சிரட்டையில் செய்த கிலுகிலுப்பையைப் படகில் கொடுத்தனுப்பியிருக்கிறார். பாக்கியம் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் நடக்கலையே, அப்பா."

மத்தியானமே காற்று திரும்பிவிட்டது. இனிக் காற்று மாதம் முடிந்தால்தான் படகு. அதுவரை அவள் என்னோடு பேசமாட்டாள், உன் பிடிவாதம் அவளுக்கு. பேசாவிட்டால் போகட்டும்.

பிள்ளை இப்போது என் தோளில் தூங்குகிறாள். ஒரு கையால்தான் இதை எழுதுகிறேன். நீ பாவியில்லை. நீ செஞ்சது சரி. அப்போதெல்லாம் சமாதானத்துக்குத்தான் சொன்னேன், நீ கண்டுபிடித்துவிட்டாய். இப்போது தெரிந்து சொல்கிறேன், கேட்க நீ இல்லையே.