இருபத்தொன்பது விநாடி

தெஹிவளை
2025 ஜூன் 12

அன்பு மேனுவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் இவளுடைய போன் உடைந்துவிட்டதா என்று நினைப்பாய். உடையவில்லை. போனில் எழுதினால் நீ பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதுதான். வந்தாறுமூலை கம்பஸ் விடுதியில் ஒவ்வொரு பாட்டையும் கொப்பித் தாளில் எழுதி உன் தலையணைக்குக் கீழே வைப்பேனே, அந்தப் பழக்கத்தில் இதையும் தாளிலேயே எழுதுகிறேன்.

நம்முடைய 'இறால் வெளிச்சம்' வெளியே வந்துவிட்டது. ஓம், அதே பாட்டுத்தான். ஒன்பது வருசத்துக்கு முன் விடுதி அறை ஜன்னலில் பாயைக் கட்டி, காற்றாடியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க நீ பாட உன் போனில் பதிந்தோமே, பிறகு நீ தளத்தில் ஏற்றினாயே, அதைப் புதிதாகச் செய்திருக்கிறோம். இசை றிப்ஷான். ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு எல்லா வாத்தியத்தையும் தானே கணினியில் வாசிக்கிற பொடியன். பாடியது அஸீமா, காத்தான்குடிப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. கம்பனி எதுவும் இல்லை. நாங்களே எல்லாத் தளங்களிலும் ஏற்றினோம்.

முன்னிசை முழுவதையும் வெட்டிவிட்டான் றிப்ஷான். முப்பது விநாடி கேட்டால்தான் ஒருவர் கேட்டார் என்று கணக்கில் ஏறுமாம். அதற்குள் ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேணுமாம். பாட்டுக் கட்டுகிற வேலை இப்போது மீன் கடைக்காரன் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது, என்ன செய்ய.

கோபிக்காதே. போன வருசம் இரண்டு தரம் உன்னைப் பாடக் கூப்பிட்டேன். ஒரு தரம் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க வேணும் என்றாய், மற்றத் தரம் தொண்டை சரியில்லை என்றாய்.

பாட்டில் வாவியின் பாடும் மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மட்டக்களப்பில் பாட்டெழுதுகிற எல்லாரும் அந்த மீனைப் பாட வைக்கிறார்கள், நாங்கள் மாட்டோம் என்று கல்லடிப் பாலத்தில் நின்று செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசி வரை கேள். கேட்டுவிட்டு எழுது. பெருவிரல் வேண்டாம்.

துஆவுடன்,
ஸுஹைனா


அமிர்தகழி
2025 ஜூன் 21

ஸுஹைனாவுக்கு,

தபால்காரர் மணியடித்ததும் கரண்ட் பில் என்றுதான் போனேன். உன் கையெழுத்தைக் கண்டு வாசலிலேயே நின்று வாசித்தேன். இன்னும் 'ழ'வுக்கு வால் நீட்டுகிறாய்.

பாட்டைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. அஸீமாவுக்கு நல்ல குரல். இன்னும் கொஞ்சம் பழகினால் சுருதியில் நிற்கும். பல்லவியில் 'வெளிச்சம்' என்கிற இடத்தில் இழுக்கிறாளே, நான் அந்த இடத்தை இழுக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இருக்கட்டும், இந்தக் காலத்துக்கு இழுத்தால்தான் பிடிக்கும் போல.

தொண்டை சரியில்லை என்றது பொய் இல்லை. தமிழ்த்தினப் போட்டியும் பொய் இல்லை. நீ மூன்றாம் தரம் கூப்பிட்டிருக்கலாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. மாசியில் ஒரு பாட்டுப் போட்டேன், நானே எழுதி நானே மெட்டுப்போட்டது. அறுபத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் பாதி, என் மனுசன் ஜெயந்தனுடைய ஐஸ் கம்பனி ஆட்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஒவ்வொருத்தர் போனையும் கேட்டு வாங்கித் தானே அழுத்திவிட்டு வந்து, "இண்டைக்குப் பதினாலு" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எங்கேயாவது போய் விழுந்து சாகலாம் போலவும் இருந்தது.

இப்போது அதே மனுசன் மோட்டார்சைக்கிள் கழுவும்போது உன் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார். அதுவும் அந்த இழுப்போடு.

அன்புடன்,
மேனுகா


தெஹிவளை
2025 ஜூலை 3

என் மேனு,

உன் கடிதத்தை விளம்பரக் கந்தோரில் மேசைக்குக் கீழே வைத்து வாசித்தேன். சவர்க்காரத்துக்கு நாலு வரி எழுதித் தா என்று தலைக்கு மேலே ஆள் நிற்கிறது, நான் ஜெயந்தனின் பதினாலை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாரிசிலும் டொரொண்டோவிலும் இருந்து எழுதுகிறார்கள், வாவியில் இறால் பிடிக்கிற விளக்கை நினைத்து அழுதோம் என்று. வாப்பா ஏறாவூர்ப் புடவைக் கடையில் சாரம் வாங்க வருகிற ஆட்களுக்கெல்லாம் போனை நீட்டுகிறாராம். என் பேரைப் பாட்டில் போட்டால் வாப்பா என்ன சொல்வாரோ என்று அந்த நாளில் நடுங்கினேனே, அதே வாப்பாதான். இப்போது என் பேர் சின்னதாக இருக்கிறது என்று கோபம் அவருக்கு.

அஸீமா உன்னிடம் வந்து பழக வேணும் என்கிறாள். "அந்த ராத்தாட குரல்ல ஒரு உப்பு இரிக்கி" என்றாள், உன்னை அக்கா ஆக்கிவிட்டாள். அனுப்பட்டுமா?

ஆனால் நீ ஒன்றை எழுதவே இல்லையே? இரண்டாம் சரணம் முடிந்த பிறகு வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைக் கேட்டதும் நீ என்ன செய்தாய் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடிக்கிறது. விடுதியில் போல 'கா' போட்டே கேட்கிறேன், முழுசாக் கேட்டியாகா?

துஆவுடன்,
ஸுஹைனா


அமிர்தகழி
2025 ஜூலை 11

ஸுஹைனா,

கேட்டேன் கேட்டேன். இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வருகிற அந்த வயலின் நன்றாக இருக்கிறது. போதுமா?

மாமாங்கத் திருவிழா நெருங்குகிறது. கோயில் வீதியில் கடை போடுகிறார்கள். வளையல் கடையிலும் உன் பாட்டு, ஐஸ்கிறீம் வண்டியிலும் உன் பாட்டு. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் "ரீச்சர், இதப் பழக்கித் தாங்க" என்று கேட்கிறார்கள். எனக்கு! நான் அவர்களுக்கு அந்தப் பாட்டைப் பழக்க வேணுமாம்!

எழுதியே விடுகிறேன், உனக்கு எழுதாமல் யாருக்கு எழுத. எனக்குப் பொறாமை, ஸுஹைனா. நாலு லட்சத்துக்கு இல்லை. 'வெளிச்சத்தை நம்பி வந்தது இறால், வெளிச்சத்தை நம்பிப் போனது நான்' என்று நீ எழுதிய தாளை முதலில் பிரித்தவள் நான். அந்த வரி முதலில் வந்தது என் வாயில். இப்போது அது எங்கேயோ இருக்கிற ஒரு சின்னப் பிள்ளையின் பாட்டு. நீ சமைத்ததை வேறொருத்திக்குப் பரிமாறிவிட்டு, ருசி எப்படி என்று என்னிடம் கேட்கிறாய்.

அஸீமாவை அனுப்பாதே. எனக்கு நேரம் இல்லை.

மேனுகா


தெஹிவளை
2025 ஜூலை 28

மேனு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தேன், நிறைய எழுத இருந்தது. அதற்குள் இது நடந்துவிட்டது.

பாட்டு இல்லை. எல்லாத் தளங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பழைய பதிவொன்றின் சொந்தக்காரர் அனுமதி இல்லை என்று சொன்னாராம். முப்பது நாளுக்குள், ஓகஸ்ட் 22க்குள், அவர் சம்மதம் கொடுக்காவிட்டால் முடிந்தது. கொடுத்தாலும் திரும்ப ஏற்றும்போது கணக்குப் பூச்சியத்தில்தான் தொடங்குமாம். அஸீமா சாப்பிடாமல் கிடக்கிறாள், அவளுக்கு இது முதல் பாட்டு. வாப்பா தன் போன் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடையில் கொடுத்துத் திருத்தப் பார்த்தாராம்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

ஸுஹைனா


அமிர்தகழி
2025 ஓகஸ்ட் 3

அன்புள்ள ஸுஹைனாவுக்கு,

கடிதத்தைக் கண்டு மிகவும் மனவருத்தம். எனக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் இயந்திரம் பார்க்கிற வேலை, ஆளை ஆள் மாறாட்டம் செய்யும். ஒரே பெயரில் எத்தனை பாட்டு இருக்கிறது. பொறுத்திரு, தானாகச் சரிவரும்.

அஸீமாவைச் சாப்பிடச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் கடுமை. திருவிழா நல்லபடி முடிந்தது.

என்றும் அன்புடன்,
மேனுகா


தெஹிவளை
2025 ஓகஸ்ட் 8

மேனுகா,

அந்தப் பாட்டில் வயலினே இல்லை.

அவர்கள் அனுப்பிய அறிவித்தலில் சொந்தக்காரர் பெயர் இருந்தது. முழுப் பெயர், மேனுகா வல்லிபுரம். முதல் நாளே பார்த்தேன். இரண்டு வாரமாக, நீயே எழுதுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு வெயில் கடுமை என்று எழுதியிருக்கிறாய்.

பழைய பதிவில் 'எழுதியவர்' என்ற இடத்திலும் உன் பெயர்தான் இருக்கிறதாம், அதையும் அப்போதுதான் அறிந்தேன்.

எதிர்த்து எழுதலாம் என்றான் றிப்ஷான். எழுதினால் உன்னைக் கள்ளி என்று எழுத வேணும். எனக்குக் கை வராது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள். அந்த இயந்திரம் ஆள் மாறாட்டம் செய்யவில்லை. அது மெட்டைப் பார்க்காது, சொல்லையும் பார்க்காது. பதிந்த குரலைத்தான் பார்க்கும். இரண்டு நிமிடம் பதினாலாவது விநாடியில் அஸீமா நிறுத்துகிறாள், வாத்தியமும் நிற்கிறது. அதற்குப் பிறகு இருபத்தேழு விநாடி வருவது நீ. விடுதி அறையில் நீ பாடிய அதே ஆலாபனை, பாய் கட்டின ஜன்னலுக்குள் இருந்து வருவது போல. அந்த இடத்துக்காகத்தான் பாட்டையே திரும்பச் செய்தேன். பாரிசில் இருந்து அழுதோம் என்று எழுதினவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் எழுதினார்கள். அஸீமா உப்பு இருக்கிறது என்று சொன்னதும் அதைத்தான். பாடியவர்கள் விவரத்தில் உன் பெயர் அவளுடைய பெயருக்கு மேலே இருந்தது. உன்னிடம் கேட்காமல் செய்தது என் பிழை. நீ கேட்டு ஆச்சரியப்பட வேணும் என்று ஆசைப்பட்டேன்.

இனி எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போதைக்குக் கை வரவில்லை.

ஸுஹைனா


அமிர்தகழி
2025 ஓகஸ்ட் 17

ஸுஹைனா,

பதில் வேண்டாம். வாசித்தால் போதும்.

மாமாங்கத் தீர்த்தத்துக்கு முந்தின நாள் அந்த அறிவித்தல் வந்தது. உங்கள் பதிவு இன்னொரு பாட்டில் இருக்கிறது, அனுமதித்தீர்களா என்று கேட்டிருந்தது. கீழே ஆம், இல்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க இன்னொரு பட்டன் இருந்தது, அதை நான் தொடவில்லை. முற்றத்தில் ஜெயந்தன் உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு எழும்பிப் போய்ச் சோறு வடித்தேன். அவ்வளவுதான், வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

முழுதாகக் கேட்டேன் என்று இரண்டு கடிதத்தில் எழுதினேன். ஒரு தரமும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் போடுவேன், இருபத்தொன்பதாவது விநாடியில் நிறுத்திவிடுவேன். உன் கணக்கில் என்னால் ஒன்று கூடக்கூடாது என்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ முப்பது விநாடி என்று எழுதினதை வைத்தே செய்தேன்.

உன் பெயர் விசயம். பழைய பதிவை ஏற்றியபோது, என் பேரப் போடாதகா என்று நீ சொன்னாய், சரி. என் பெயரைப் போடு என்று நீ சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். போட்டேன். போட்ட பிறகு, அடிக்கடி திறந்து பார்ப்பேன். பாடியவர் மேனுகா, எழுதியவர் மேனுகா. பார்க்கப் பார்க்க உண்மை மாதிரியே இருந்தது. நீ எழுதுகிற மாதிரி எனக்கு ஒரு வரியும் வராது என்று விடுதியிலேயே எனக்குத் தெரியும். அஸீமா மேல் வந்த பொறாமை பிறகு வந்தது, ஸுஹைனா. முதலில் வந்தது உன் மேல்.

11ஆம் திகதி உன் கடிதம் வந்த அன்றே சம்மதம் கொடுத்தேன். எழுதியவர் பெயரையும் மாற்றினேன். ஜெயந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன், "அந்தப் புள்ளைக்கு எழுது" என்றார், அவ்வளவுதான். பிறகு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பாட்டை முணுமுணுக்கவில்லை.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது பாட்டு திரும்ப ஏறியிருந்தது. றிப்ஷான் ஏற்றியிருக்க வேணும். வாவிக் கரைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். முப்பது வரும்போது விரல் தானாக எழும்பியது, மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். 'வெளிச்சம்' என்று அவள் இழுப்பது சரிதான். அங்கே இழுக்கத்தான் வேணும்.

பிறகு நான் வந்தேன். அந்தக் குரல் எனக்கு இப்போது இல்லை. நடுவில் மூச்சு முட்டி நிற்கப் பார்க்கிறேன், அங்கே ஒரு குரல் குசுகுசுக்கிறது, "நிப்பாட்டாதகா, பாடு" என்று. உன் குரல். அதை நீ வெட்டாமல் விட்டிருக்கிறாய். அறிவித்தலில் இருந்த அந்தப் பட்டனை நான் தொட்டிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கடைசி வரை கேட்டேன். நீ முதல் கடிதத்தில் கேட்டது இதை மட்டும்தான்.

நேற்றுக் காலை திரும்பத் திறந்து பார்த்தேன். நாலு லட்சம் இருந்த இடத்தில், கேட்டவர்கள் 1 என்று இருந்தது. அது நான்.

மேனுகா