வெயில் பட்டால் தும்மல்

மே 15, வெள்ளி

கத்திரி வெயில். மின்சாரம் இல்லை. வேணும்னே தும்முறியாடா? மலர் அக்கா காலையில் கேட்டாள். வேணும்னு இல்லை. இருட்டான வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்ததும் கண் கூசும், மூக்கு நமநமக்கும், ஒரே ஒரு தும்மல். சளி கிடையாது. தூசி கிடையாது. வெயில் பழகிவிட்டால் நின்றுவிடும்.

ஆனால் எங்கள் வீட்டில் கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பணும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பின இரண்டு தடவையும் தும்மினேன். முதல் மாப்பிள்ளைக்கு வேறு பெண் மேல் இஷ்டம். இரண்டாவது ஜாதகம் சேரவில்லை. பழி மட்டும் என் மூக்கு மேல்.

மாமா (அம்மாவின் தம்பி) சொன்னது: "குறுக்க பூனை வேற எதுக்கு? இவன் ஒருத்தன் போதும்."

புதன்கிழமை சதுரங்கப்பட்டினம், மூன்றாவது மாப்பிள்ளை வீடு பார்க்க. எலக்ட்ரீஷியன். அக்காவுக்குப் பிடித்திருக்கிறது, போட்டோவை போனில் அடிக்கடி பெரிசாக்கிப் பார்க்கிறாள். நான்தான் கார் ஓட்டணும். ஆனால் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது, காரிலேயே இருக்கணும். மாமா முடிவு. அப்பா மீசையைத் தடவினார். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மே 17, ஞாயிறு

ஆக்டிங் டிரைவர் வேலை. செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து மாமல்லபுரம். கண் டாக்டர் ஒருத்தர், அவங்க அம்மா. பாலத்தடியிலிருந்து வெயிலுக்கு வந்ததும் தும்மினேன். மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் சிரித்தார். வெளிச்சம் பட்டால் எப்போதுமே வருமா என்றார். எப்போதுமே என்றேன். நிறையப் பேருக்கு இருக்காம். வியாதி இல்லையாம்.

கண்ணுக்குள் சட்டென்று வெளிச்சம் அடித்தால், அந்தச் சேதி பக்கத்திலேயே ஓடுகிற மூக்கு நரம்பையும் தட்டி எழுப்பிவிடுகிறது போல. முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாதாம். அந்த நேரம் கண் மூடிக்கொள்ளும், வண்டி ஓட்டுகிறவன் ஜாக்கிரதையாக இருக்கணும் என்றார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இல்லாவிட்டால் மூக்குக்குக் கீழே விரல் வைத்து அழுத்தணும்.

கடைசியாகச் சொன்னது: "இது குடும்பத்துல வர்றது. அப்பா அம்மால யாருக்காவது இருக்கும். கேட்டுப் பாருங்க."

யாருக்கும் இல்லை என்றேன்.

கடற்கரையில் சங்கு மாலை விற்கிற ஆள் என்னிடம் இந்தியில் பேசினான். பக்கத்துப் படாளம்காரன்டா என்றதும் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

மே 18, திங்கள்

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு இல்லை.

சாயங்காலம் பால் சொசைட்டி. அப்பாவைக் கூட்டி வரப் போனேன். எதிரே வெயில். உள்ளே இருட்டு ரூம். அப்பா வாசற்படி வரை வந்தார், நின்றார். ஒரு விரல் மூக்குக்குக் கீழே. கண்ணை இறுக்கினார். ஒரு மூச்சு. அப்புறம் வெளியே வந்தார்.

இத்தனை வருஷமாக மீசையைத் தடவுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"உனக்கும் இந்தத் தும்மல் கீதாப்பா?" என்றேன். பால் கேனை வண்டியில் மாட்டினார். பாதி வழியில் சொன்னார். என் வயசில் அவரும் இதே வீட்டு வாசலில் தும்மிக்கொண்டிருந்தாராம். நல்ல காரியம் எதற்கும் கூட்டிப் போகமாட்டார்களாம். சொந்த அண்ணன் கல்யாணத்தன்று மாட்டுக்குக் காவல்.

"அதுக்கப்புறம் அமுக்கப் பழகினேன். நீயும் பழகிக்கோ."

"மாமா என்னைப் பேசும்போது ஏம்பா சொல்லல?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேனை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.  ராத்திரி நான் சாப்பிடவில்லை. பசி இருந்தது.

மே 20, புதன்

சதுரங்கப்பட்டினம். மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே, பழைய கோட்டைச் சுவர் ஓரம், வேப்ப மர நிழல். காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கடல் காற்றில் கருவாட்டு வாசனை. எல்லாரும் உள்ளே போய் முக்கால் மணி நேரம்.

காலையில் நான் போட்ட திட்டம்: தொப்பி. கண்ணாடி. எல்லாருக்கும் முன்னால் வெளியே போவது. விரல். முதல் இரண்டுக்கும் அம்மா தடை. "பொண்ணு குடுக்கப் போறோமா, திருடப் போறோமா? கயட்டு அத்த." சரி, விரல் போதும் என்று நடந்தால் கையில் பழத்தட்டைக் கொடுத்துவிட்டாள். இரண்டு கையும் தட்டில். வாசல். வெயில்.

தும்மினேன்.

அக்கா ஜன்னலில் நின்றிருந்தாள், முகம் வெளுத்துவிட்டது. மாமா செருப்பைக் கழற்றினார். அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பினாள்.

எனக்குப் பின்னால் அப்பா. கை மீசை மேல். என்னைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கினார். தலையைத் தூக்கி நேராக வெயிலைப் பார்த்துத் தும்மினார். தெரு நாய் எழுந்து ஓடியது.

"ரெட்டத் தும்மல். நல்ல சகுனம்தான? செருப்பப் போடு மச்சான்" என்றார் மாமாவிடம். பிறகு, யாரையும் பார்க்காமல், "எனக்கும் கீது. எங்கிட்டேர்ந்துதான் அவனுக்கு."

வழியில் மாமா ஒரு தடவை, வெயில் பார்த்தால் எல்லாருக்கும் வருமா என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தால்தான் சாப்பிடுவார்கள். அதுதான் கை நனைக்கிறது. சம்பந்தம் உறுதி. இல்லாவிட்டால் காபியோடு எழுந்து வரணும். வீட்டிலேயே இருக்கிற அக்கா இதுவரை நாலு மெசேஜ். "இன்னாச்சு?" "டேய்." "இன்னாச்சுடா?" "மாமா உன்ன வரக் கூடாதுன்னப்ப நான் பேசாம இருந்தது தப்புடா." கடைசிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு தும்மல் சத்தம். எட்டிப் பார்க்கவே வேண்டாம். அப்பாதான். அமுக்கவில்லை.

கார் கண்ணாடியைத் தட்டுகிறார். "இலை போட்டாச்சு. எம் புள்ள வராம கை நனைக்கமாட்டேன்னுட்டேன். எல்லாரும் உக்காந்துகினு கீறாங்க. வாடா."

அக்காவுக்கு 'இலை போட்டாச்சு' அனுப்பியாச்சு. போகணும்.