பாலத்துக்கு அடியில் கூப்பிட்டது

அன்பு மகனுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலில் “நாங்கள் மூவரும்” என்றுதான் எழுத வந்தது. பேனாவை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். போன வருஷம் வரைக்கும் அப்படியே எழுதிப் பழகிய கை, அதற்கு எப்படித் தெரியும்? போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நான் அழுதால் நீ அழுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அப்பாவுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. கால்வாய் வெட்டி இருநூறு வருஷம் ஆகிறதாம், விழா எடுக்கிறார்களாம், கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டுப் பாலத்துச் சுவர் முழுக்க மீன் வரையச் சொல்லிவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஆஹா ஓஹோ என்கிறார்கள். ஆனால் உன் அப்பா நாள் முழுக்கத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். திரும்பிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, கல்லைப் போட்டால் முழுகக்கூட இடமில்லை. சாயப்பட்டறைக்காரர்களைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால், நம் வீட்டுச் சாக்கடைக் குழாயும் அங்கேதான் போய் விழுகிறது. யாரை நோவது சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் தங்கைக்காக நீ எழுதுகிற இசையில் அந்தப் பாலத்து எதிரொலி வேண்டும், பதிவு பண்ணி அனுப்பு என்றாயே. நீங்கள் இரண்டு பேரும் படகில் அந்த வளைவுக்கு அடியில் போய் ஒரு வரி பாடினால் அது அப்படியே திரும்பி வரும். நீ ஒரு தரம் பாடினால் அவள் நாலு தரம் கத்துவாள், வாயாடி என்று நீதானே பேர் வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோபாப் பட்டறை லீவு, படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். துடுப்பு போடவே முடியவில்லை, பாவம், கம்பால் செடியைத் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கிப்போய், “அக்கா, இதுக்குப் படகைத் தலையில தூக்கிட்டு நடந்தே போயிருக்கலாம்” என்றார், அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனதும் போனை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு எங்கே பாட வரும், வாயாடி என்று கூப்பிட்டேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தின மாதிரி இருந்தது. தினமும் பஞ்சு அடைக்கிறவளுக்குத் தெரியாதா? கல் வளைவு அப்படியேதான் இருக்கிறது, கீழே திறந்த தண்ணீர்தான் இல்லை, அந்தச் செடி அத்தனையும் குரலைக் குடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட நான் நம்பவில்லையடா. அந்தப் படகில்தான் நம்பினேன். எத்தனை சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவள் சும்மா இருக்கிறாள் என்றால் நான் என்ன செய்வேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மறுநாள் போய், வரைந்த மீன்கள்மேல் பாதிச் சுவருக்குப் பச்சைப் பெயிண்டைப் பூசிவிட்டு வந்திருக்கிறார். விழாக்காரர்கள் வாசலில் வந்து சத்தம் போட்டதற்கு, “இருக்கறதத்தான் வரைஞ்சேன்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வேலை போனால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பதிவை ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு, சோபாத் துணித் துண்டில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். மெஷினிலேயே எதிரொலியைச் சேர்க்கலாம் என்று நீ ஒரு தரம் சொல்லியிருக்கிறாய். சேர்க்காதே கண்ணா. நான் கூப்பிட்டதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, அதை வெட்டாமல் வை. கேட்கிறவர்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டுதல். தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படு. அழுதால் அழுதுவிட்டுப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மா என்று கூப்பிடு. நான் இருக்கிற வரைக்கும் பதில் வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா