முதல் பெயர்

பட்னி
ஜூன் 20, வியாழன்

அன்புள்ள ஹெஸ்டர்,

ஆமாம், தோற்றுவிட்டேன். ஆனால் முழுதாகத் தோற்கவில்லை. அதுதான் கொடுமை.

தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்றால் விம்பிள்டனுக்குள் வரலாம். இரண்டு வென்றேன். மூன்றாவதில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. எதிராளி தொடமுடியாத சர்வ் ஒன்று போட்டேன். அதே நொடி பக்கத்துக் கோர்ட்டுப் பந்து எங்கள் கோர்ட்டுக்குள் உருண்டு வந்தது. செல்லாது, மறுபடி போடு என்றார் நடுவர். போட்டேன். வலையில் விழுந்தது. அதன் பிறகு எல்லாமே வலையில். தகுதிச் சுற்று நடக்கும் ரோஹாம்ப்டனில் கோர்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, உனக்குத் தெரியுமே. பார்க்க வந்தவர்கள் நான்கு பேர், ஒரு நாய்.

கடைசிச் சுற்றில் தோற்றவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. என் பெயர் முதலில். உள்ளே இருப்பவள் யாராவது முதல் ஆட்டத்துக்கு முன் விலகினால் அவள் இடம் எனக்கு. தினமும் காலையில் விம்பிள்டன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவளின் முறை அடுத்தவளுக்குப் போய்விடும். 'அதிர்ஷ்டசாலித் தோல்வியாளர்' என்று இதற்குப் பெயர். வைத்தவர் ஒருநாளும் தோற்றிருக்க மாட்டார்.

செப்டம்பரில் ஊர்ப்பக்கம் ஃபால்மத்தில் பள்ளி வேலை. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஒரே ஒரு முறை விம்பிள்டன் புல்லில் நிற்க வேண்டும். நின்று தோற்றாலும் சரி.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன்
மொர்வென்னா


ரிச்மண்ட்
ஜூன் 22, சனி

அன்புள்ள மொர்வென்னா,

உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அதில் குரல் வருவதில்லை.

முழங்கால் வீங்கியிருக்கிறது. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆடலாம்மா, ஓடத்தான் முடியாது" என்றார். அவர் சிரிக்கவில்லை. கோடைக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை. அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தைக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒத்தக் கால்ல நின்னு என்னடி கிழிக்கப் போற? அந்தப் பொண்ணுக்கு விட்டுக் கொடேன்" என்றார். மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விலக மாட்டேன், மொர்வென்னா. நீ கேட்கவில்லை, தெரியும். கடைசி வரியில் முழங்காலை மட்டும் விசாரித்திருக்கிறாய். அந்த வரியைப் பல முறை படித்தேன். அன்பாகத்தான் எழுதியிருப்பாய்.

எனக்கும் இது கடைசி வருடமாக இருக்கலாம். செவ்வாய்க்கிழமை விம்பிள்டனில் என் முதல் ஆட்டம்.

அன்புடன்
ஹெஸ்டர்


பாடிங்டன் ரயில் நிலையம்
ஜூன் 24, திங்கள்

ஹெஸ்டர்,

அன்பாகத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை வரை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அன்னெலீஸ். டச்சுக்காரி, வரிசையில் இரண்டாவது. "உனக்கென்ன, ஒருத்தி கால் ஒடிஞ்சாப் போதும். எனக்கு ரெண்டு பேர் ஒடியணும்" என்றாள். அலுவலகத்து அம்மாள் தேநீரோடு எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளைங்களா, யாருக்கும் இன்னும் வயித்தால போகலியா?" மூவரும் சிரித்தோம். அங்கே அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். கதவு திறக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறோம்.

பிறகு நீ படியிறங்கி வந்தாய். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு. வலியில் உன் உதடு வெளுத்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஹெஸ்டர். ஒரு நொடிதான். ஆனால் முழுச் சந்தோஷம்.

நீ என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அந்தப் பெஞ்சில் என்னால் இன்னொரு காலை உட்கார முடியாது. நாளை கையெழுத்துப் போடப் போவதில்லை. ஊருக்கு ரயில் நிற்கிறது.

நீ ஆடு. எனக்காக எதுவும் நினைக்காதே.

மொர்வென்னா


ரிச்மண்ட்
ஜூன் 25, செவ்வாய்

மொர்வென்னா,

உன் கடிதம் இரண்டாம் தபாலில் வந்திருக்கிறது. திடலிலிருந்து திரும்பிய பிறகுதான் பார்த்தேன்.

காலையில் அலுவலகத்துக்குப் போய் விலகுவதாகச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்க மிஸ். சொன்னா சொன்னதுதான்" என்றார் தலைமை நடுவர். யோசித்துத்தான் சொன்னேன். நேற்று உன்னை அந்தப் பெஞ்சில் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

ஒலிபெருக்கியில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். உடைமாற்றும் அறையில், கழிப்பறையில், வாசலில் தேடினேன். "நேத்து கையெழுத்துப் போட்டா, இன்னைக்குப் போடலையே" என்றார் அந்த அம்மாள். அவர் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

உன் முறை அன்னெலீஸுக்குப் போனது. அவளிடம் சுத்தமான காலுறை இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். அழுதுகொண்டே போட்டுக்கொண்டாள். "உங்க சிநேகிதி எங்க?" என்றாள். "வந்துட்டிருக்கா" என்றேன். அவள் முதல் சர்வ் போடும் வரை நானும் அதை நம்பினேன்.

நீ சந்தோஷப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. நானும் முன்பொரு வருடம் அந்தப் பெஞ்சில் இருந்தவள்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு நீ அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். இன்னும் ஒரு காலை. நம் இருவரில் ஒருத்தியாவது ஆடியிருப்பாள்.

இதை நான் மறப்பேனா தெரியவில்லை. தெரியும் வரை எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

அன்னெலீஸ் தோற்றாள். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். மழை வந்தது, புல்லின் மேல் தார்ப்பாயை இழுத்தார்கள். பிறகு உள்ளே போய் என் அலமாரியைக் காலி செய்து, சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஹெஸ்டர்