நான் ‘அது’ என்று சொன்னது

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி பட்டினி கிடக்காதீர்கள்.

நேற்று தங்கையிடம் போனில், “ரொம்பப் பழசாயிடுச்சுடி. எழும்பவே அரை மணி நேரம் ஆகுது, ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யுது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்னு இருக்கேன்” என்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் சொன்னது நம் கம்ப்யூட்டரை. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் உங்களை இல்லை.

கோபம் வந்தால் உங்களையும் ‘அது’ என்பேன்தான். “அது இன்னும் குளிக்கவே இல்ல” என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் நேற்று எனக்குக் கோபமே இல்லை.

விண்டோஸைத் திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறேன். பழைய ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரையில் கேட்டு நிற்கிறது. வைத்துக்கொள் என்பதை அழுத்துங்கள். நானே அழுத்தியிருப்பேன், நீங்கள் எழுந்து வந்து செய்யட்டும் என்றுதான் விட்டுப்போகிறேன். நடுவில் அணைந்து அணைந்து வரும், பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வெளியே போய்விட்டு வருகிறேன், சாவியை எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது கதவைத் தட்ட மாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் கதவைச் சாத்திய பிறகு தங்கை, “பேசாம அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு பாரேன்க்கா” என்றாள். “பழகிடுச்சுடி. அது இல்லாம எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது” என்றேன்.

அந்த ‘அது’ மட்டும் எது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.