அப்பா வயிற்றுக்குள் வேலைக்கு வந்த ஆட்கள்

அன்பு மகள் அன்பரசிக்கு, பீடோங்கிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்ன் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று மட்டும் எழுதச் சொல்லிவிட்டு உன் அப்பா காய் வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறார், அதனால் உண்மையை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டு, என்னைக் கேட்பதற்கும் அவரே பதில் சொல்லிவிடுகிறார்.

நல்ல கிருமி மாத்திரை என்று ஒரு டப்பா அனுப்பினாயே, அதில் வந்த வினை. அதற்கு முன்னால் அவர் இருந்த இருப்பு உனக்கே தெரியும். சுகர் கூடினால் இன்சுலின் ஊசி போடச் சொல்வார்கள், ஊசி போட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார், ஓட்டுகிற கூலிம் ஃபேக்டரி பஸ் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து பயந்து ஒரு நாளைக்கு ஏழு தடவை விரலைக் குத்திப் பார்ப்பார். நீ போனில், வயிற்றில் நல்ல கிருமி இருந்தால் சுகருக்கும் கொஞ்சம் உதவும், மனப் பதற்றத்துக்கும் கொஞ்சம் உதவும் என்றாய். கொஞ்சம் என்று நீ இரண்டு தடவை சொன்னதை நான் கேட்டேன், அவர் காதில் ஒரு தடவைகூட விழவில்லை.

டப்பாவைச் சாமி மேடையில் வைத்து, விபூதி பூசிவிட்டுத்தான் முதல் மாத்திரையைப் போட்டார். மறுநாளே பேச்சு மாறிவிட்டது. உள்ள கோடிக்கணக்குல ஆளுங்க வேலைக்கு எறங்கியிருக்காங்க பிரேமா, அவங்களுக்குச் சாப்பாடு போடணும் லா என்றார். வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் எல்லாம் அந்தக் கிருமிகளுக்குத் தீனி என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய்? தினமும் காலையில் பச்சைப் பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஒரு கை. அதை மென்றுவிட்டுப் போய் ஜன்னல் மூடிய ஏர்கோன் பஸ்ஸில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பஸ்ஸில் வரும் ஃபேக்டரிப் பெண்கள் தங்களில் ஒருத்தி சாந்தினியை என்னிடம் தூது அனுப்பிவிட்டார்கள். ஆன்ட்டி, அங்கிள் கொட்டாவி விட்டா கடைசி சீட் வரைக்கும் வருது, நாங்கெல்லாம் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் போறோம் என்று அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் விரல் குத்துவதை நிறுத்திவிட்டாரே, முகத்தில் பயம் தெளிந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், நானும் ஒரு மடச்சி.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் பஸ்ஸைக் கழுவும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் கிளினிக்கில் சுகருக்குக் கொடுத்த ஒரு மாத மாத்திரையும் பிரிக்காமல் கிடக்கிறது! வந்த கோபத்தில் தண்ணீர்க் குழாயை அவர் மேலேயே திருப்பிவிட்டேன். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, அதான் புது ஆளுங்க வந்துட்டாங்களே, பழைய ஆளுங்களும் எதுக்கு, உள்ள சண்ட வரும் என்கிறார். ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றுகிற மாதிரி மருந்தை மாற்றிவிட்டாரடி உன் அப்பா! இதில் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தினம் இரண்டு கிளாஸ் இனிப்புத் தே தாரிக் வேறு.

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏழெட்டுக்குள் இருக்க வேண்டிய சுகர் பத்தொன்பது. நர்ஸ் மிஸி நம்பாமல் மறுபடியும் குத்திப் பார்த்தது, அதே பத்தொன்பது. டாக்டரம்மா திட்டவில்லை. தயிர் சாப்பிடுங்கள், பூண்டைச் சமைத்துச் சாப்பிடுங்கள், மகள் அனுப்பியதையும் சாப்பிடுங்கள், அதெல்லாம் துணைக்கு வருவது, மாத்திரையின் இடத்தில் உட்காராது என்றார். ஒழுங்காக மாத்திரை போட்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், அப்போதும் இறங்காவிட்டால் ஊசிதான் என்றும் சொன்னார். பிறகு கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பத்து நாளா ரோட்டு போர்டெல்லாம் மங்கலாத்தான் தெரியுது டாக்டர் என்றார். அந்தக் கண்ணோடு தினமும் ஓட்டியிருக்கிறார், என்னிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, நேரே பஸ் முதலாளி அழகேசன் வீட்டுக்குப் போகலாம் என்றார் உன் அப்பா. சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, பின்னால நாப்பது புள்ளைங்க உட்காந்து வர்றாங்கண்ணே, கண்ணு தெளியிற வரைக்கும் வேற ஆள வைங்க என்றார். எதற்குப் பயந்து தினமும் விரலைக் குத்திக்கொண்டாரோ, அதைத் தன் கையாலேயே செய்தார். நான் வாசலில் நின்று அழுதுவிட்டேன். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

இப்போது கிளினிக் மாத்திரையைப் பக்கத்தில் நின்று விழுங்க வைக்கிறேன். உன் மாத்திரையும் நடக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கூப்பிடும்போது சுகர் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே, அப்பாவுக்கு முகம் வாடிவிடும். நாங்கள் கும்பிடும் தெய்வம் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பிரேமாவதி

பி.கு: பஸ்ஸை இப்போது வசந்தன் என்று ஒரு பையன் ஓட்டுகிறான். அது நம் வீட்டைத் தாண்டும் நேரத்துக்கு உன் அப்பா தினமும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கியர் மாத்தத் தெரியல பாரு என்று திட்டுகிறார். ஃபேக்டரிப் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுகிறார்கள். பஸ் வளைவில் திரும்பும்வரை இவரும் ஆட்டிக்கொண்டே நிற்கிறார்.