போகியன்று நாங்கள் ஊற்றிய ஃபினாயிலும் குப்புராஜின் இடமாற்றமும்

அனுப்புநர்:
ம. ரத்தினபாய்,
செயலாளர், மாதர் சங்கம்,
வேப்பந்தோப்புக் குடியிருப்பு,
கீழ்க்கட்டளை அஞ்சல்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
கழிவுநீர்ப் பிரிவு, தாம்பரம்.

பொருள்: எங்கள் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் திரு. குப்புராஜின் இடமாற்றத்தை ரத்து செய்ய வேண்டுதல்.

பார்வை: 1. எங்கள் புகார், நாள் 18.1.1993.
2. தங்கள் உத்தரவு, நாள் 11.2.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு மாதத்திற்குள் இரண்டாம் முறையாகத் தங்களைத் தொந்தரவு செய்கிறேன். முதல் முறை கோபத்தில் எழுதினேன். இம்முறை வெட்கத்தில் எழுதுகிறேன்.

1. சுத்திகரிப்புத் தொட்டி நாறுகிறது, ஆபரேட்டரின் அலட்சியமே காரணம் என்று 112 வீட்டார் கையெழுத்திட்டுப் புகார் அனுப்பினோம். முதல் கையெழுத்து என்னுடையது. நாறியது உண்மை. காணும் பொங்கலுக்கு வந்த என் சம்பந்தியம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் காப்பி குடித்தார். ஆனால் காரணம் பொய்.

2. போகிக்குப் பழையதைக் கொளுத்திப் புகை கிளப்புவானேன், அதற்குப் பதில் சாக்கடையைச் சுத்தம் செய்வோம் என்று எங்கள் சங்கம் தீர்மானித்தது. யோசனை அடியேனுடையது. வீட்டுக்கு ஒரு பாட்டில் ஃபினாயிலும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரும் கொடுத்தோம். காலை ஆறு மணிக்கு நான் மணி அடிக்க, 112 வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். கைதட்டல் வேறு.

3. தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருந்து நம் அழுக்கைத் தின்கின்றன என்பதை நாங்கள் அறியோம். அவ்வளவும் செத்தன. மாட்டுப் பொங்கலன்று நாற்றம் எழுந்தது.

4. புகார் அனுப்பிய இரண்டாம் நாள், நேரிலும் திட்டலாம் என்று நிலையத்திற்குப் போனேன். சுவரோரம் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. தினமும் தொட்டி நீரை ஒன்றில் பிடித்து, அரை மணியில் சேறு அடியில் படிகிறதா என்று பார்ப்பது குப்புராஜின் வழக்கமாம். போகிக்கு முந்தைய பாட்டிலில் மேல்நீர் தெளிந்திருந்தது. பிந்தையவை கலங்கியே கிடந்தன. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போகி அன்னிக்கு இன்னாம்மா ஊத்துனீங்கோ? இதுவும் வூட்டு மாடு மாதிரிதாம்மா. நீங்க போட்டததான் துன்னும்." திட்டப் போன நான், ஊற்றியதை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டு வந்தேன்.

5. அதன் பிறகு அவர், பக்கத்துத் தெரு பாட்சா பாய் மிதிக்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றை டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து, சாணம் கரைத்து ஊற்றி, பத்தொன்பது நாள் வீட்டுக்கே சரியாகப் போகாமல் தொட்டியைப் பிழைக்க வைத்தார். இன்று நாற்றமில்லை. வெளியேறும் நீரில் மாட்டுப்புல் வளர்க்கும் அங்காளம்மாள், கருகிய பாத்தியில் மறுபடி தளிர் விட்டிருப்பதாகச் சொல்லி எங்களை ஒருவழியாக மன்னித்துவிட்டார்.

6. தொட்டி சரியானால் புகாரும் தானே அடங்கிவிடும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். எல்லாம் சரியான பிறகுதான் தங்கள் உத்தரவு வந்தது. வரும் 19ஆம் தேதி முதல் அவர் செங்கல்பட்டுக் கிடங்கில் குழாய்களைக் காவல் காக்க வேண்டுமாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆயிற்று. தங்களுக்கு அளித்த விளக்கத்தில் "கவனக்குறைவு என்னுடையது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வூடு வூடா நோட்டீஸ் வுடுவாங்கோ. பொங்கலும் அதுவுமா எதுக்கும்மா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா. அவரை இழக்க எங்களுக்கு மனமில்லை.

எனவே அவரது விளக்கத்தைத் தள்ளிவிட்டு, இடமாற்றத்தை 19ஆம் தேதிக்குள் ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். அவர் எங்களுக்கு வராமல் தடுத்த அந்த நோட்டீஸை முதலில் என் வீட்டுக்கு அனுப்பலாம். அன்று 112 கையெழுத்துகளை நம்பி அவரை மாற்றினீர்கள். அதே 112 பேரும் இக்கடிதத்தின் பின்பக்கம் கையெழுத்திட்டிருக்கிறோம். பொய் சொன்னபோது நம்பிய எங்களை, உண்மை சொல்லும்போதும் நம்புங்கள்.

இடம்: கீழ்க்கட்டளை
நாள்: 15.2.1993

தங்கள் உண்மையுள்ள,
ம. ரத்தினபாய்
(மணி அடித்தவள்)